கல் மாதிரி நின்றவர்

அன்புச் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. நீ இப்போது எந்தத் தண்ணீரின் மேல் போய்க்கொண்டிருக்கிறாயோ தெரியாது, எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று அடுத்த வரிக்குக் கை தானாகப் போகிறது. எழுதினால் பொய், எழுதாவிட்டால் நீ நடுக்கடலில் பயந்துபோவாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை எழுதும்போது அப்பா கூடத்தில் என் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார், மத்தியானம் சாப்பிட்டார். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே இருக்கிறார், உன் கப்பலில் சிக்னலும் பாதி வாக்கியத்தில் அறுந்துபோகிறது. இது பாதி வந்து பாதி வராமல் போகக்கூடாத செய்தி, அதனால்தான் உன் கம்பெனிக்காரர்கள் கொடுத்த துறைமுக விலாசத்துக்குக் காகிதத்தில் எழுதுகிறேன்.

மற்ற விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். என் முழங்கால் பழையபடிதான், படி ஏறினால் திட்டுகிறது, இறங்கினால் கெஞ்சுகிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா முடிந்தது, நான் விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டி ஒரு வாரம் சைகையிலேயே பாடம் நடத்தினேன், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பக்கத்து வீட்டுப் பூனை உன் பழைய ஷூ பெட்டியில் குட்டி போட்டிருக்கிறது, பெட்டியைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. இதெல்லாம் வழக்கம்போல. வழக்கம்போல இல்லாதது ஒன்றுதான், நம் தெருவில் இப்போது சேவல் கூவுவதில்லை.

மழை விட்டதும் கோழிகளுக்கு நோய் வந்தது என்று உனக்குச் சொல்லியிருந்தேன், ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. நோய் கண்ட பண்ணையை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கிற கோழி, வாத்து, வீட்டில் ஆசைக்கு வளர்க்கிற சேவல் வரை ஒன்றுவிடாமல் அழிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. அந்தக் குழுவுக்கு அப்பாதான் தலைமை. இத்தனை வருடம் மாட்டுக்குப் பிரசவம் பார்த்த கை, நாய்க்குட்டிக்குக் கட்டுப் போட்ட கை. காலையில் வெள்ளை உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு போவார், பொழுது சாயும்போது வந்து நெடுநேரம் குளிப்பார். நோய் வந்த பண்ணைகள் முதலில், பிறகு நோயே வராத பண்ணைகள், கடைசியில் வீடு வீடாக. நான் கேட்டால் சிரிப்பார். "ஊர்ல சேவலே இல்ல, இனிமே யாருக்கும் விடியாது, எல்லாரும் நல்லாத் தூங்கலாம்" என்பார். நானும் சிரித்தேன்.

அவருடைய கம்பவுண்டரை உனக்குத் தெரியும், அந்த நெட்டை மனிதர். அவர் பாதியிலேயே உடைந்துபோனார். ஒரு பண்ணை வாசலில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் கதறி அழுதாராம், ஜீப்பில் வந்த பெரிய அதிகாரியைப் பார்த்து, "நீங்க உள்ள வந்து ஒண்ணே ஒண்ண உங்க கையால செஞ்சு பாருங்க சார்" என்று கத்தினாராம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். தினமும் சாயங்காலம் அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவாராம், அந்த அம்மாளும் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்பாராம். மாட்டு ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் கேலிப் பொருள் ஆனார், ஆள்தான் நெட்டை மனசு குட்டை என்றார்கள். அவர் பங்கு வேலையையும் அப்பா தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைத்து அப்பாவுக்குச் சால்வை போட்டார்கள். அதிகாரி மைக்கில், "டாக்டர் கல்லு மாதிரி நின்னார், எல்லாரும் அவரப் பாத்துக் கத்துக்கணும்" என்றார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஒன்றுமே இல்லை, சொன்னால் நம்பமாட்டாய், சாதாரணமாக இருந்தார். கஷ்டம் நடக்கும்போது தாங்கினார், கஷ்டம் போனதும் தாங்கவில்லை. முதலில் தூக்கம் போனது. விடிவதற்கு ரொம்ப முன்னால் எழுந்து கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார், கேட்டால் "சும்மாதான்" என்பார். பிறகு தேநீர் ஆடை கட்டும்வரை அப்படியே இருக்கும். வேலையிலிருந்து வந்து காரை வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் உள்ளேயே இருப்பார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், போன் பேசவில்லை, பாட்டுக் கேட்கவில்லை, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோபம்கூட வருவதில்லை. நான் வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தேன், பேசாமல் சாப்பிட்டார்.

உன் மாமாவிடம் சொன்னேன். அவன்தான் எல்லாவற்றுக்கும் கையில் தயாராக ஒரு யோசனை வைத்திருப்பானே, "நாலு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போக்கா, அத்தானுக்குப் போரடிக்குது, அவ்வளவுதான்" என்றான். நான் என் வழிக்குப் போனேன், விளையாட்டு டீச்சர் அல்லவா, உடம்பு வேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காலையில் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு சுற்று நடந்தார், நீளம் தாண்டும் மணல் குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ட்டு வா, நான் இங்க இருக்கேன்" என்றார். நான் ஓடி வரும்வரை அந்த மணலை விரலால் தடவிச் சமமாக்கிக்கொண்டிருந்தார்.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கலகலப்பாக இருந்தார். என்னைக் கூப்பிட்டு வீட்டுப் பின்னால் தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது, காற்று அடைத்துக்கொண்டால் எந்த வால்வைத் திறப்பது என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு பியூஸ் மாற்றுவது, காரில் டயர் காற்றுப் பார்ப்பது. கல்யாணமான நாளிலிருந்து நான் கை வைத்தால் உறுமுகிற மனிதர் அன்று பொறுமையாக, நான் தப்புச் செய்தால் மறுபடி மறுபடி காட்டினார். "நான் இல்லாத நேரத்துல உனக்கு உதவும்" என்றார். எனக்குச் சந்தோஷம், மனிதர் தேறிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் ஓட்டப்பந்தயப் பயிற்சி, பிள்ளைகள் கோட்டில் குனிந்து நிற்கிறார்கள், நான் விசிலை வாயில் வைத்தேன், அப்போதுதான் 'நான் இல்லாத நேரத்துல' என்ற அந்த வார்த்தை எனக்கு முழுதாகக் காதில் விழுந்தது. விசில் ஊதவில்லை. பிள்ளைகள் குனிந்தபடியே திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அன்றைக்கே இடைவேளையில், லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த நெட்டைக் கம்பவுண்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பந்துகள் வைக்கிற அறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தொப்பியைக் கையில் உருட்டினார். "டீச்சரம்மா, சார் மருந்து பீரோ சாவிய என்கிட்ட இருந்து வாங்கி வச்சுக்கிட்டார். எப்பவும் என்கிட்டதான் இருக்கும். ஒண்ணும் இல்லாமகூட இருக்கலாம். எனக்கென்னமோ மனசு கேக்கல" என்றார். அந்தப் பீரோவில் என்னென்ன இருக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைமை ஆசிரியரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்தேன்.

அவர் கார் வந்தது, வழக்கம்போல இறங்கவில்லை. நான் போய் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது எல்லாம் மறந்துபோனது, நேராகவே கேட்டுவிட்டேன், "நீங்க செத்துப் போகணும்னு நினைக்கிறீங்களா?" என்று. கேட்டால் அந்த எண்ணத்தை நானே ஊட்டிவிட்டதாக ஆகுமோ என்று பயம், கேட்காமல் விட்டால் அதைவிடப் பெரிய பயம். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா. அடிக்கடி வருது. துரத்தினாலும் போக மாட்டேங்குது" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. அப்புறம்தான் பேசினார், நோய் வந்த பண்ணைகளைப் பற்றி இல்லை, நோயே இல்லாத ஒரு பண்ணையைப் பற்றி. கதவைத் திறந்தாராம், தீனி போடத்தான் ஆள் வருகிறது என்று அத்தனை கோழியும் அவரைப் பார்த்து ஓடி வந்ததாம். "பயந்து ஓடியிருந்தாப் பரவாயில்ல. என்னை நம்பி ஓடி வந்துச்சுங்க. கண்ண மூடினா வருதுங்க, வந்து கால்கிட்ட நிக்குதுங்க" என்றார். அதற்கு மேல் அழுதார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தெருவில் போனவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அந்த அறை கண் சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்தில், வெளியே பெஞ்சில் ஒற்றைக் கண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று கூச்சம், நான் காதோரம், "பாத்தாலும் பாதிதான் தெரியும், வாங்க" என்றேன், உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அந்த டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டார். என்னிடம் தனியாக, "இவர் பலவீனமானவர்னு நினைக்காதீங்க. தூங்காம, யார்கிட்டயும் சொல்லாம, அடுத்தவர் பாரத்தையும் சேத்துத் தூக்கியிருக்கார். அந்த மன அழுத்தம் விட்டுப் போகாம உள்ளயே தங்கி மனச்சோர்வா மாறியிருக்கு" என்றார். நான் கம்பவுண்டரைப் பற்றிச் சொன்னேன், அவர்தானே முதலில் உடைந்தார், அவர் எப்படி இன்றைக்கு நன்றாக இருக்கிறார் என்று. "அவர் உடையல, அழுது இறக்கி வச்சார். இறக்கி வைக்க ஒரு அக்கா இருந்தாங்க" என்றார்.

எனக்கு அப்போது என் ஓட்டக்காரப் பெண் ஒருத்தி ஞாபகம் வந்தாள். ஒரே அடியில் முறிகிற எலும்பு வேறு, தினமும் ஓடி ஓடி, ஓய்வே இல்லாமல் மயிரிழைக் கீறல் விடுகிற எலும்பு வேறு. அவள் அந்தக் கீறலோடு பந்தயம் எல்லாம் ஓடி மெடல் வாங்கினாள், எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துச் சமதரையில் நடக்கும்போது விழுந்தாள். உடம்புக்கு ஓய்வில்தான் பலம் ஏறும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே என் பிழைப்பு. மனதுக்கும் அதே சட்டம்தான் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்து பீரோ சாவியை அப்பாவே அன்று கம்பவுண்டரைக் கூப்பிட்டு, டாக்டரம்மா முன்னாலேயே அவர் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் கிளம்பும்போது அந்த அம்மா சொன்னது என்னைவிட்டுப் போகவில்லை. "மருந்து மனசத் தூக்குறதுக்கு முன்னாடி உடம்புக்குத் தெம்பு வந்துடும், நினைச்சதச் செய்யிற தெம்பு. அந்தச் சமயம்தான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கணும்" என்றார். இப்போது நாங்கள் அந்தச் சமயத்தில்தான் இருக்கிறோம். அப்பா முந்தாநாள் தானாகவே முகச்சவரம் செய்துகொண்டார், உடுப்பை இஸ்திரி போட்டார். மற்ற வீட்டில் இது நல்ல செய்தி. எனக்குக் குளியலறைக் கதவு மூடினாலே வெளியே போய் நின்று எதையாவது பேசிக்கொண்டிருக்கத் தோன்றுகிறது. அவரும் புரிந்துகொண்டு உள்ளிருந்து பதில் சொல்லிக்கொண்டே குளிக்கிறார்.

இதற்கு நடுவில் நோய் மறுபடி வந்துவிட்டது, ஆற்றுக்கு அந்தப் பக்கம். போன வாரம் அந்தப் பெரிய அதிகாரி ஜீப்பில் நம் வீட்டுக்கே வந்தார். "டாக்டர், உங்கள விட்டா இதுக்கு ஆள் கிடையாது, போன தடவை எப்படி நின்னீங்க" என்று ஆரம்பித்தார். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்கிறேன், அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும், சரி சார் என்பார், இந்த மனிதர் வாயில் வேறு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. கரண்டியோடு கூடத்துக்குப் பாய்வதா வேண்டாமா என்று கால் தவிக்கிறது. அப்பா தரையைப் பார்த்தார். பிறகு, "என்னால முடியாது சார். நான் வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கேன். முடியாது" என்றார். அதிகாரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்தார். வாசலில் ஜீப்பின் பின் இருக்கையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் டாக்டர் ஒருத்தி இருந்தாள், உன் வயசு, உன் மாதிரியே முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். அப்பா அவளிடம் எதையோ சொல்லப் போனார், அவள் முந்திக்கொண்டு, "நான் பாத்துக்கறேன் சார், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று பளிச்சென்று சிரித்தாள். ஜீப் போன பிறகும் அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தனக்குப் பதில் அந்தப் பெண் போகிறாள் என்பது அவரை இன்னும் கீழே தள்ளிவிடுமோ என்று நான் செத்துப் பிழைத்தேன். ஆனால் அவர் வேறொன்று செய்தார். தினமும் சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டார். "இன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லும்மா" என்பார், அவள் "நல்லா இருக்கேன் சார்" என்பாள், வைத்துவிடுவார். ஒவ்வொரு நாளும் அவள் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. நேற்று அடித்தும் எடுக்கவில்லை, மறுபடி அடித்தும் எடுக்கவில்லை. பிறகு அவளே கூப்பிட்டு, "ஒண்ணும் இல்ல சார், ரொம்ப நல்லா இருக்கேன்" என்றாள். அப்பா போனை வைத்துவிட்டு, "பொய் சொல்றா. இந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்று சட்டையை மாட்டினார். நானும் கிளம்பினேன், கம்பவுண்டரையும் வழியில் ஏற்றிக்கொண்டோம். கோழி அழிக்கிற குழு தங்கியிருந்த கட்டடத்தில், அந்தப் பெண் வெள்ளை உடுப்பைக்கூடக் கழற்றாமல் அறை மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. அப்பா எதுவும் கேட்கவில்லை, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் வந்துச்சும்மா, நான் யார்கிட்டயும் சொல்லல. நீ சொல்லு" என்றார். அவள் அழ ஆரம்பித்தாள், வீடு வந்து சேரும்வரை காரில் அழுதுகொண்டே வந்தாள். இப்போது உன் அறையில், உன் கட்டிலில் தூங்குகிறாள், காலையில் கண் விழித்துக் கஞ்சி குடித்துவிட்டு மறுபடி தூங்குகிறாள். நாளைக்கு அவளையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறோம், அவள் அம்மா அப்பா வந்துகொண்டிருக்கிறார்கள். அதிகாரி இரண்டு தடவை போன் செய்துவிட்டார், விளக்கம் கேட்டு ஓலை வரும் என்று மிரட்டுகிறார், வரட்டும். அப்பா அந்த அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கூடத்தில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அவள் காவலா, அவளுக்கு அவர் காவலா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆபத்து விலகிவிட்டது என்று எழுத மாட்டேன். நேற்றைவிட இன்று ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டார், அவ்வளவுதான் எழுதுவேன்.

நீ பதறிக்கொண்டு கப்பலைவிட்டு இறங்கி வர வேண்டாம், அவரைச் சுற்றி நாங்கள் இருக்கிறோம். எனக்கு இப்போது கவலை வேறு. உன் கப்பலில் இஞ்சின் அறையில் தீப்பிடித்தது பற்றி நீ அனுப்பியது ஒரே ஒரு வரி, சின்னத் தீ, அணைச்சாச்சு, எல்லாம் ஓகே என்று. உன் கண் முன்னால் உன் கூட வேலை செய்தவருக்கு இரண்டு கையும் வெந்துபோனதும், அவர் வேலையையும் சேர்த்து நீயே பார்ப்பதும் உன் சிநேகிதி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து உன் பேச்சும் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது கண்ணு. சிக்னல் என்று நினைத்தேன். நேற்று அந்த அறை மூலையில் அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து அப்படி நினைக்க முடியவில்லை. தூங்குகிறாயா? சாப்பாடு இறங்குகிறதா? கண்ணை மூடினால் என்ன வருகிறது? அப்பாவிடம் காரில் கேட்டதையே உன்னிடமும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றுகிறதா? தோன்றினால் அந்த நிமிஷமே கேப்டனை எழுப்பு, பக்கத்து அறைக்காரரை எழுப்பு, யாரையாவது எழுப்பு, தனியாக இருக்காதே. கரைக்கு வந்ததும் உனக்காக ஒரு டாக்டரைப் பார். பிறகு என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி, அழுவதானால் அழு, கத்துவதானால் கத்து, நான் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்கிறேன்.

கடலும் காற்றும் உனக்கு அனுசரணையாக இருக்கட்டும், நீ நூறு வயசு இருக்க வேண்டும், உன் கூட வேலை செய்கிறவர்களும் பத்திரமாகக் கரை சேரட்டும். கம்பளிச் சாக்ஸை மறக்காமல் போட்டுக்கொள். பதில் உடனே எழுது, நல்லா இருக்கேன் என்று மட்டும் எழுதாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா